ரன் பட்டனை அழுத்தும் முன் ஒரு ஓட்டெடுப்பு

பைத்தான் என்ற கணினி மொழி வகுப்பில் புரோகிராமை எழுதிக் காட்டிய கையோடு ரன் செய்துவிடாதீர்கள். என்ன விடை வரும் என்று முதலில் மாணவர்களைக் கேளுங்கள்.

உதாரணமாக, ஏ என்ற லிஸ்டில், அதாவது பட்டியலில், 1, 2, 3 இருக்கிறது. அடுத்த வரி, பி = ஏ. அப்புறம் அப்பெண்ட் (பட்டியலின் கடைசியில் சேர்க்கும் கட்டளை) போட்டு பி-யில் 4-ஐச் சேர்க்கிறோம். இப்போது ஏ-வை பிரின்ட் செய்தால் மூன்று எண்ணா, நான்கா? பேசாமல் நோட்டில் எழுதட்டும். கை தூக்கச் சொன்னால் பாதிக் கைகள் பக்கத்துக் கையைப் பார்த்துத்தான் எழும். அதனால் மூன்றா, நான்கா என்று விரலை நெஞ்சருகே வைத்துக் காட்டச் சொல்வேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தால் நல்லது. விடையைச் சொல்லாமல், வேறு விடை எழுதியவரோடு இரண்டு நிமிடம் வாதாட விடுங்கள். மறுபடி ஓட்டெடுப்பு, அதன் பிறகே ரன். திரையில் 4-ம் சேர்ந்து வரும்போது, 'அது எப்படி சார்?' என்று பின்வரிசையும் கேட்கும். பி நகல் அல்ல, அதே லிஸ்டுக்கு இன்னொரு பெயர் என்று படம் போட்டு விளக்க அதுதான் நேரம்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரிக் மசூர் 1991-ல் இயற்பியல் வகுப்புக்காகத் தொடங்கிய முறை இது. எல்லோரும் முதலிலேயே சரியாகச் சொல்லிவிட்டால் சரி, விவாதம் வேண்டாம், அடுத்ததற்குப் போங்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று கேள்வி போதும்.