வைக்கோல் போரில் பிறந்த நாய்க்குட்டிக்கு ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போகும் இடம் பழக்கிய விதம்

எங்கள் வீடு நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஒரு கிராமத்தில். வாசல், திண்ணை, ரேழி, கூடம், பின்கட்டு, கொல்லை என்று நீளமாகப் போகும் பழைய ஓட்டு வீடு. புரட்டாசி தொடக்கத்தில் எங்கள் கொல்லை வைக்கோல் போருக்கு அடியில் ஒரு தெருநாய் குட்டி போட்டது. மற்ற குட்டிகளை ஊரில் ஆளுக்கொன்றாக எடுத்துப் போய்விட்டார்கள். ஐப்பசி கடைசியில் மழை வலுத்தபோது ஒரு செவலைப் பெட்டைக்குட்டி மட்டும் நனைந்துகொண்டு நின்றது. அப்போது அதற்கு இரண்டு மாதம். நான் தூக்கி உள்ளே கொண்டுவந்தேன். அத்தைக்கு எழுபத்தி இரண்டு வயது, கூடத்தில்தான் படுப்பார். "உள்ளே வளர்த்துக்கோ. ஆனா கூடம் நாறுச்சுன்னா மறுநாள் அது கொல்லையிலதான்" என்று சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு நாளில் குட்டி மூன்று இடங்களை நனைத்தது. பின்வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த சாக்கு, அத்தையின் கோரைப்பாய், கொடியிலிருந்து எடுத்துக் குவித்து வைத்திருந்த துணி. வெறும் சிவப்பு சிமெண்டுத் தரையில் ஒரு தடவைகூட இல்லை. அதைக் கவனித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பிறந்ததிலிருந்து அது ஒன்றுக்குப் போனதெல்லாம் வைக்கோலில். காலுக்கு அடியில் மெத்தென்று, ஈரத்தை உறிஞ்சுவதாக எது பட்டாலும் அதுதான் இடம் என்று அதன் பாதம் சொல்கிறது. நாய்க்குட்டிகள் எட்டு, ஒன்பது வார வயதில் இருந்தே, எந்த மாதிரித் தரையில் போவது என்று பழகிக்கொள்ளத் தொடங்கும். பாதத்துக்கும் மூக்குக்கும் பழகியதைத்தான் அது தேடிப் போகும். அதனால் உங்கள் வீட்டுக்கு வரும் குட்டி அதுவரை எதன்மேல் போய்க்கொண்டிருந்தது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செய்தித்தாளா, மண்ணா, சிமெண்டா, வைக்கோலா? பாதி வேலை அந்தப் பதிலில் இருக்கிறது.

நான் செய்த முதல் காரியம், வீட்டுக்குள் மெத்தென்று இருந்ததையெல்லாம் எடுத்து மேலே வைத்தது. சாக்கு போனது, பாய் பகலில் சுருட்டிப் பரணுக்குப் போனது. துணியைக் கட்டிலில் வைத்தோம். அடுத்து, அது போகவேண்டிய இடம். கார்த்திகை மழையில் கொல்லை முழுக்கக் கணுக்கால் தண்ணீர். நம் வண்டல் மண் நனைந்தால் களியாக ஒட்டும், குட்டியின் வயிறு தரையில் உரசும். அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் நடுங்கிக்கொண்டு நின்றுவிட்டு, உள்ளே வந்த மறு நிமிடம் பத்தாயத்துக்குப் பக்கத்தில் முடித்துவிடும். மழை பிடிக்காத குட்டியோடு மல்லுக்கட்டுவதில் பிரயோஜனம் இல்லை. அதனால் மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில், சாரல் படாத இடமாகப் பார்த்து, மூன்றடிக்கு மூன்றடி செங்கல் வரம்பு கட்டினேன். உள்ளே நான்கு விரல் உயரத்துக்கு மணல். அதன்மேல், குட்டி பிறந்த அதே போரிலிருந்து இரண்டு கை வைக்கோல். நனைந்த சாக்கில் ஒரு துண்டைக் கிழித்து வைக்கோலுக்குக் கீழே வைத்தேன், வாசனைக்காக. வேறு யாராவது செய்தால், தாயும் குட்டியும் இருந்த இடத்து மண்ணில் ஒரு பிடி போட்டாலும் போதும்.

தெருவுக்குக் கூட்டிப்போகலாமே என்று கேட்பார்கள். தடுப்பூசி முழுவதும் முடியாத குட்டியைப் பிற நாய்கள் போகும் இடத்தில் இறக்கக் கூடாது. பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும், குட்டிகளை வாந்தியும் இரத்தப்போக்குமாக இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. இது நம் பக்கத்து கால்நடை மருந்தகங்களிலேயே கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

இப்போது நேரம். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது, விளையாடும்போது அரை மணிகூடத் தாங்காது. மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அதன் உச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பகலில் தூங்கும்போது; இரவுத் தூக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட ஐந்திலிருந்து இருபது நிமிடத்துக்குள், விளையாட்டு நடுவில் திடீரென்று நின்றால், தரையை முகர்ந்துகொண்டு வட்டமடித்தால், நம்மை விட்டு மூலைக்கு நகர்ந்தால், அந்த நொடியே தூக்க வேண்டும். நடத்திக் கூட்டிப்போனால் கூடத்திலிருந்து கொட்டகை போவதற்குள் பின்கட்டிலேயே ஆகிவிடும். முதல் பத்து நாள் தூக்கிக்கொண்டுதான் ஓடினேன்.

தினசரி நாள்காட்டியில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். எழுந்த நேரம், சாப்பிட்ட நேரம், ஒன்றுக்கு, ரெண்டுக்கு, எங்கே என்று. நாலாம் நாள் தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிந்தது. காலை ஆறரைக்குச் சாப்பிட்டால் ஆறு ஐம்பதுக்கு ரெண்டுக்கு, மாலையில் தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்து கொஞ்சும் ஐந்து மணிக்குக் கட்டாயம் ஒரு தடவை. அதற்குப் பிறகு குட்டி அழைப்பதற்கு முன்பே நான் அங்கே நின்றேன். இந்தத் தாள் எழுதும் வேலையை யாரும் விட்டுவிடாதீர்கள், இதற்கு ஈடாக வேறொன்று இல்லை.

நேரம் ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால் சாப்பாடு ஒழுங்காக இருக்க வேண்டும். நாள் முழுக்கக் கிண்ணம் வைத்திருக்காமல் நான்கு வேளை, ஒரே மணிக்கு. வெங்காயம் போடாமல் வேகவைத்த கோழியைக் குழைந்த சாதத்தில் பிசைந்து கொடுத்தேன், ஒருவேளை முட்டை. வீட்டில் மாடு இருக்கிறதே என்று முதல் நாள் கிண்ணம் நிறையப் பசும்பால் வைத்தேன், இரவெல்லாம் கழிச்சல். பாலில் இருக்கும் சர்க்கரை பல நாய்களுக்குச் செரிக்காது. வயிறு கலங்கிய குட்டிக்கு எந்தப் பழக்கமும் நிற்காது. தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். படுக்கப்போகும் ஒரு மணி நேரத்துக்கு முன் கிண்ணத்தை எடுத்தால் போதும்.

மணலில் இறக்கிவிட்டு நான் ஒன்றும் செய்வதில்லை. பேச்சு இல்லை, தடவல் இல்லை. கழுத்துக் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு மரம் போல நிற்பேன். "போய்டு, போய்டு" என்று ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்வேன். ஐந்து நிமிடத்தில் போனால், அது முடித்து நிமிரும் அந்த நொடியில், அங்கேயே, மொச்சை அளவு அவித்த முட்டை. உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கூலி என்றுதான் அதற்குத் தோன்றும். அதனால் முட்டைத் துண்டு டப்பாவைக் கொட்டகைத் தூணில் ஆணி அடித்து மாட்டினேன். முடித்த பிறகு இரண்டு நிமிடம் அங்கேயே விளையாடவும் விடுவேன். முடித்ததும் உள்ளே தூக்கிப்போனால், வெளியே இருக்கும் நேரத்தை நீட்டுவதற்காக அடக்கிவைக்கக் கற்றுக்கொள்ளும். போகவில்லை என்றால்? உள்ளே கொண்டுவந்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அவிழ்த்துவிடக் கூடாது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் மணல்.

தப்பு நடக்கும். எங்கள் வீட்டில் முதல் வாரம் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு. மூக்கைப் பிடித்து அதில் தேய்த்தால் சரியாகிவிடும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் தேய்க்கவில்லை, ஆனால் மூன்றாம் நாள் அத்தையின் பாய் நனைந்ததைப் பார்த்து உரக்கத் திட்டிவிட்டேன். அடுத்த இரண்டு நாள் அது என் கண் முன்னால் போகவே இல்லை. பத்தாயத்துக்குப் பின்னால் போய் ஒளிந்து முடித்தது. கொட்டகை மணலில் நான் நின்றாலும் அடக்கிக்கொண்டது. ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்ததையும் இப்போதைய கோபத்தையும் குட்டியால் சேர்த்துப் பார்க்க முடியாது. இந்த மனுஷி பக்கத்தில் இருக்கும்போது போனால் ஆபத்து என்பதை மட்டும்தான் அது எடுத்துக்கொள்ளும். அந்தப் பயத்தைக் கரைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்தால் மெல்லக் கையை ஒரு தட்டு தட்டி, நின்றதும் தூக்கிப் போய் மணலில் விடுங்கள். முடிந்துபோயிருந்தால் குட்டியை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுத் துடையுங்கள், அவ்வளவுதான்.

துடைப்பதிலும் ஒரு தவறு செய்தேன். பினாயில் ஊற்றித் தேய்த்தேன். மனித மூக்குக்கு மணம் போய்விடும், நாய் மூக்குக்குப் போகாது, மறுபடி அதே இடத்துக்கு வரும். நக்கினால் உடம்புக்கும் கெடுதல். முதலில் பழந்துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, காய்ந்ததும் ஆப்பசோடா தூவிப் பெருக்க வேண்டும். சிவப்பு சிமெண்டுத் தரைக்கு வினிகர் மங்கல் அடிக்கலாம், ஓரத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கலந்த திரவம் கிடைக்கிறது, பாய்க்கும் மெத்தைக்கும் அதுதான் கேட்கும். மழைக்காலத்தில் எல்லோர் வீட்டிலும் பிளீச்சிங் பவுடர் இருக்கும். அதோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

இரவுக்குக் கூண்டு வாங்கவில்லை. கோழி கவிழ்க்கும் பெரிய மூங்கில் பஞ்சாரம் சும்மா கிடந்தது. குட்டி நின்று திரும்பும் அளவு இடம், சுற்றிலும் காற்று. என் கட்டிலுக்குப் பக்கத்தில் கவிழ்த்து, புரட்டிவிடாமல் கட்டில் காலோடு கட்டினேன். படுக்கும் இடத்தை நாய் கூடுமானவரை அசிங்கம் பண்ணாது, முனகி எழுப்பும். பதினொன்று, இரண்டு, ஐந்து என்று அலாரம் வைத்தேன். விளக்குப் போடாமல், கொஞ்சாமல், மணல், திரும்பப் பஞ்சாரம். மூன்று மாதம் ஆனதும் இரண்டு மணி அலாரத்தை எடுத்துவிட்டேன். பகலில் மணிக்கணக்கில் அதில் அடைத்துப்போடாதீர்கள். அடக்க முடியாமல் அதிலேயே போய்விட்டால் அந்தக் கூச்சமும் போய்விடும்.

மலத்தை அன்றன்றைக்கு எடுத்துவிட வேண்டும். கிணற்றுக்கும் அடிபம்புக்கும் கீரைப் பாத்திக்கும் தள்ளி ஒரு அடி ஆழத்தில் புதைக்கிறேன். நாம் கொல்லையில் வெறுங்காலோடு நடப்பவர்கள், கொக்கிப்புழு பாதத்தின் வழியாகவே ஏறும். குட்டிக்கு மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து. வயலில் எலி அதிகம் இருக்கும் இந்தப் பருவத்தில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதன் சிறுநீர் வழியாக நமக்கும் வரும். தடுப்பூசி போடும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள், ஈர மணலை வெறுங்கையால் அள்ளாதீர்கள். சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ, முக்கினாலோ, இரத்தம் தெரிந்தாலோ அது பழக்கத்தின் கோளாறு இல்லை, நோய். டாக்டரிடம் போக வேண்டும். விருந்தாளி குனிந்து கொஞ்சும்போது மட்டும் நனைத்தால் அது பரவசம். வந்தவர் முதலில் கண்டுகொள்ளாமல் உட்காரட்டும், வளர வளரப் போய்விடும்.

கடைசியாக வைக்கோல். மார்கழி முழுக்க இதே யோசனையாக இருந்தேன். தையில் சம்பா அறுப்பு, புது வைக்கோல் வாசல் வரை வந்து குவியும். வைக்கோலே இடம் என்று பழகிய குட்டி அதில் ஏறிப் போனால் மாடு வாய் வைக்காது. தெருவில் காயப்போட்ட நெல்லில் போனால் கேட்கவே வேண்டாம். அதனால் மணலின்மேல் போடும் வைக்கோலை மார்கழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். இரண்டு கை ஒரு கையானது, பிறகு ஒரு பிடி, பிறகு நான்கு துரும்பு. ஒரு வாரத்தில் ஒரே தடவை தடுமாறியது, அன்றைக்கு ஒரு பிடி கூட்டி இரண்டு நாள் கழித்துக் குறைத்தேன். பொங்கலுக்கு வெறும் மணல்தான். மழையும் விட்டிருந்தது. அந்த மணலில் ஒரு கூடை எடுத்துப்போய்க் கொல்லை வேப்பமரத்தடியில் கொட்டி, அங்கேயும் கூட்டிப்போகத் தொடங்கினேன்.

தை கடைசியில் வாசலில் தார்ப்பாய் விரித்து நெல் காயப்போட்டோம். குட்டிக்கு அப்போது கிட்டத்தட்ட ஐந்து மாதம். திண்ணையிலிருந்து இறங்கி நெல்லின் ஓரமாகவே நடந்து, பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தது. அத்தை திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு பரணிலிருந்து பழைய கோரைப்பாயை எடுக்கச் சொல்லி, பாதியாக மடித்து, ரேழி மூலையில் அது படுப்பதற்குப் போட்டார். இன்றோடு இருபது நாள் ஆகிறது. பாய் இதுவரை நனையவில்லை.