மாடியில் சோலார்: எத்தனை கிலோவாட் என்பதைக் கரண்ட் பில்லைப் பார்த்து முடிவு செய்வது எப்படி?

வீட்டு மாடியில் சோலார் அமைப்பதற்கான ‘பி.எம். சூர்ய கர்’ திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட இத்திட்டத்தில், முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியமாகக் கிடைக்கின்றன. 3 கிலோவாட்டுடன் 78,000 ரூபாய் என்ற உச்சவரம்பு வந்துவிடுவதால், விற்பனைக்கு வருகிறவர்கள் எல்லா வீட்டுக்கும் 3 கிலோவாட்டையே பரிந்துரைக்கிறார்கள். அவர்களுக்கு அது வசதி. வீட்டுக்காரருக்கும் அதுவே லாபமா என்பதை, தமிழ்நாட்டின் மின்கட்டண முறையை வைத்துத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

முதலில் கடந்த ஓராண்டின் ஆறு பில்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். கோடையில் ஏ.சி. ஓடிய பில்லையும் மழைக்கால பில்லையும் சேர்த்துச் சராசரி காண்பதே சரி. ஒற்றை பில்லைக் கொண்டு முடிவெடுப்பது தவறு. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், அதாவது இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 240 யூனிட். மார்ச், ஏப்ரலில் இதைவிடக் கூடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பரில் நன்றாகவே குறையும்.

இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து, மின்வாரியத்திடமிருந்து வாங்கியதாக 160 யூனிட் மட்டுமே எஞ்சும். 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்கு விதிக்கப்படும் உயர்ந்த கட்டணப் படிகள் அனைத்தும் அந்த வீட்டுக்கு ஒரேயடியாக நீங்கிவிடுகின்றன. எஞ்சிய 160 யூனிட்டிலும் முதல் 100 யூனிட் அரசு தரும் இலவசம். ஆகவே மூன்றாவது கிலோவாட்டால் இந்த வீடு புதிதாக மிச்சப்படுத்தக்கூடியது, இருப்பதிலேயே மலிவான படியில் உள்ள 60 யூனிட்டுக்கான பணத்தை மட்டுமே. அந்தக் கிலோவாட்டுக்குத்தான் மானியமும் குறைவு என்பதைக் கவனியுங்கள். மீதமாகும் மின்சாரம் அடுத்தடுத்த பில்களுக்கு வரவாக நகரும் என்பது உண்மைதான். ஆனால் அங்கும் தேவை இல்லாதபோது அந்த வரவினால், நாம் கட்டணமாகச் செலுத்தும் விலைக்கு ஈடான பயன் கிடைக்காது.

இதே கணக்கை 200 யூனிட் மட்டும் செலவழிக்கும் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தால், மிச்சமாவது இரண்டு மாதத்துக்குச் சில நூறு ரூபாய்தான். அந்த வீட்டுக்குச் சோலார் இப்போதைக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. மாறாக, 900 யூனிட்டைத் தாண்டும் கூட்டுக் குடும்பத்துக்கும், அடுத்த ஆண்டு மின்சார ஸ்கூட்டரோ இரண்டாவது ஏ.சி.யோ வாங்கப்போகிறவருக்கும் 3 கிலோவாட் தாராளமாகப் பொருந்தும்.

அளவு முடிவானதும் மாடியைப் பாருங்கள். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்வதால், தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை ஆகியவற்றின் நிழல் அப்போதுதான் மிக நீளமாக விழும். காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை எங்கெல்லாம் நிழல் படுகிறது என்று மார்கழியில் ஒருமுறை சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால் போதும். பேனல்கள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றின் மேல் விழும் நிழல்கூட மொத்த உற்பத்தியைக் குறைக்கக்கூடும். தெற்கு நோக்கி 10 முதல் 13 பாகை வரை சாய்வு போதுமானது. பேனலின் திறன் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அளக்கப்படுகிறது. சித்திரை வெயிலில் அது 60 பாகையைத் தொடும்போது, பாகைக்கு 0.3 முதல் 0.4 விழுக்காடு வீதம் உற்பத்தி சரிகிறது. பேனலுக்கு அடியில் காற்றோட்டம் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க வேண்டிய ஒன்று உண்டு. மின் இணைப்பு இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். மானியம் பெறப்போகிறவரின் பெயருக்கு இணைப்பை மாற்றிய பிறகே இத்திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். அங்கே மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிந்து, பட்டியலில் உள்ள நிறுவனங்களில் இரண்டு மூன்றிடம் விலை கேட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். 2024-இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, முழுமையான விண்ணப்பமாக இருந்தால் 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இன்றியே அது ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். அதற்கேற்ப உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவை (லோடு) உயர்த்த வேண்டியிருந்தால், அதைச் செய்வதும் மின் பகிர்மான நிறுவனத்தின் பொறுப்பு. மானியம் பெற, இந்தியாவில் செய்த செல்களைக் கொண்டு இந்தியாவிலேயே தயாரான பேனல்களைப் பொருத்துவது கட்டாயம். வாங்கும் மின்சாரத்தையும் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் தனித்தனியாக அளக்கும் நெட் மீட்டரைப் பொருத்தி, ஆய்வு முடிந்து, அமைப்பு இயங்கத் தொடங்கிய பிறகே மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால், முழுத் தொகைக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நிறுவனத்துடன் எழுதும் ஒப்பந்தத்தில் பேனலின் மாதிரி எண், பேனல் தரும் நேர்மின்சாரத்தை வீட்டுக்கான மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் உத்தரவாதக் காலம், ஐந்தாண்டுப் பராமரிப்பு ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். 2016-இல் வர்தாவும் 2018-இல் கஜாவும் அடித்த கரையோரத்தில் வசிப்பவர்கள், பேனல்களைத் தாங்கும் சட்டகம் எவ்வளவு வேகக் காற்றுக்கு வடிவமைக்கப்பட்டது என்பதையும் கேட்டு எழுதி வாங்குவது நல்லது. நேர்மின்சாரப் பகுதி, மாறுமின்சாரப் பகுதி, இடிதாங்கி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எர்த்திங் இருக்கிறதா என்று நேரில் நின்று பாருங்கள். குழிகள் மூடப்பட்ட பிறகு பார்க்க முடியாது.

பலரும் ஏமாற்றமடையும் இடம் மின்தடை. கரண்ட் போனால், பட்டப்பகல் வெயிலிலும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் மீது மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அது அவ்வாறு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். செலவு கணிசமாகக் கூடும். இன்று நெட் மீட்டரில் பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒன்றுக்கொன்று ஈடாகக் கழிவதால், பில்லைக் குறைப்பதற்காக மட்டும் பேட்டரி வாங்குவது வீண். ஆயினும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டவர்களுக்கு, வெயில் நேரத்தில் மலிவாகவும் உச்சநேரத்தில் கூடுதலாகவும் கட்டணம் விதிக்கும் நேரவாரி முறையை 2023-இன் மத்திய விதிகள் வகுத்திருக்கின்றன. நம் வீடுகளுக்கும் அது நடைமுறையாகும் நாளில் மாலை நேர யூனிட்டின் மதிப்பு உயரும். ஆகவே பின்னாளில் பேட்டரி சேர்க்கத்தக்க இன்வெர்ட்டருக்கு விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால், அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அமைத்த பின் பெரிய வேலை ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறும் முன் மெல்லிய துணியாலோ துடைப்பானாலோ தூசியைக் கழுவித் துடையுங்கள். போர்வெல்லின் உப்புத் தண்ணீரை அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படலம் படிந்துவிடும் என்பதால், கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீரைப் பயன்படுத்துங்கள். முதல் பில் வந்ததும், நெட் மீட்டர் காட்டும் வாங்கிய யூனிட்டையும் அனுப்பிய யூனிட்டையும் நீங்களே படித்து பில்லுடன் ஒப்பிடுங்கள். இன்வெர்ட்டர் காட்டும் உற்பத்தி, அனுப்பிய யூனிட்டைவிடக் கூடுதலாக இருப்பது பிழையன்று. பகலில் வீட்டிலேயே செலவான மின்சாரம் மீட்டரைத் தொடாமலே போய்விடுகிறது.