பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்: வேன் சோலாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்து வண்டியை ஓரம்கட்டி, சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டால் இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடும். ஃபேன், விளக்கு, போன் சார்ஜர் எல்லாம் ஓடும். மிக்ஸி மட்டும் ஓடாது. பேட்டரிதான் போய்விட்டது என்று முடிவு கட்டி, பதினைந்தாயிரத்துக்கு மேல் கொடுத்துப் புது 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் வாங்கி வைத்தேன். அடுத்த பயணத்திலும் அதே பீப்.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். மிக்ஸி ஓடும் அந்த நான்கைந்து நொடிக்குள், பேட்டரியின் இரண்டு போஸ்ட்டுகளில் வைத்துப் பார்த்தால் 12.2 வோல்ட். அதே நேரத்தில் இன்வெர்ட்டரின் டெர்மினலில் 10.6. நடுவில் இருப்பது ஒன்றரை மீட்டர் ஒயர்தான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி போஸ்ட்டிலும் மறுமுனையை ஒயரின் செம்பிலும் வைத்தபோது, ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையமான லக் ஒன்றில் மட்டும் 1.2 வோல்ட் காணாமல் போவது தெரிந்தது. மேலே சுற்றியிருந்த டேப்பை உரித்தால், செம்பு கறுத்து, இன்சுலேஷன் பிசுபிசுவென்று இளகிப்போயிருந்தது. லக்கைக் கிரிம்ப் செய்யும் கருவியால் அழுத்தாமல், பிளையரால் நசுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். 50 ஆம்பியர் ஓடும்போது 1.2 வோல்ட் என்றால் 60 வாட். ஒரு சோல்டரிங் அயர்னின் சூடு, படுக்கைக்கு அடியில், மரப்பலகையை ஒட்டி. முப்பது ரூபாய் லக் ஒன்றைச் சரியாகக் கிரிம்ப் செய்ததும் மிக்ஸி ஓடியது.

வேன் சோலாரில் பெரும்பாலான பழுதுகள் பெட்டிகளுக்குள் இல்லை; பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கின்றன. வீட்டுக் கூரையில் போட்ட சோலார் அசையாமல் நிற்கும். வேனில் போட்டது தினமும் குலுங்குகிறது. ஸ்க்ரூ தளர்கிறது, ஒயர் தகரத்தில் உராய்கிறது, கடற்கரையோரம் நிறுத்தினால் உப்புக் காற்றில் டெர்மினல் பச்சை பூக்கிறது. ஆனால் பழுது என்றதும் நாம் கை வைப்பது விலை உயர்ந்த பெட்டிகளில்தான். பேட்டரியை மாற்றுவது, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மாற்றுவது, இரண்டும் உதவவில்லை என்றால் பேனல் கம்பெனியைத் திட்டுவது. முதல் தவறு இதுதான்: அளக்காமல் மாற்றுவது.

லோடு இல்லாமல் அளப்பது

மீட்டர் வைத்திருப்பவர்களும் ஏமாறும் இடம் இது. எதுவும் ஓடாதபோது அளந்தால் துருப்பிடித்த இணைப்பும் நல்ல வோல்ட்டேஜ் காட்டும். கரண்ட் ஓடினால்தான் இழப்பு வெளியே வரும். பேனலும் அப்படித்தான். 36 செல் உள்ள 100 வாட் பேனலைத் தனியாகக் கழற்றி வெயிலில் அளந்தால் 21 வோல்ட் வரும்; உடனே ‘பேனல் ஓகே’ என்று எழுதிவிடுவோம். உள்ளே ஒரு இணைப்பு பாதி அறுந்திருந்தாலும் அதே 21 வரும். கன்ட்ரோலரில் மாட்டி, பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும்போது, எத்தனை ஆம்பியர் வருகிறது என்று பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் 100 வாட் பேனலுக்கு 4, 5 ஆம்பியர் வந்தால் சரி. ஒன்றரைதான் வருகிறது என்றால் தேட வேண்டியதுதான்.

ஒயரின் தடிமனையும் இந்த அளவு காட்டிக் கொடுத்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 5 மீட்டர் இழுத்து, அதில் 20 ஆம்பியர் ஓட்டினால், போக வர 10 மீட்டரில் ஏறக்குறைய 1.4 வோல்ட் போய்விடும். 230 வோல்ட் வீட்டு ஒயரிங்கில் 1.4 வோல்ட் ஒரு பொருட்டே இல்லை. 12 வோல்ட்டில் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல். வீட்டு வேலை மட்டும் பார்த்துப் பழகிய எலக்ட்ரீஷியன் நல்ல மனதோடு போட்டுக் கொடுக்கும் ஒயர் வேனில் காலை வாருவது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் சொருகி கரண்ட் அளந்துவிட்டு, அப்படியே மறந்துபோய் பேட்டரி போஸ்ட்டில் வோல்ட்டேஜ் பார்க்க வைத்தால் அது நேரடி ஷார்ட். மீட்டரின் ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். தரமில்லாத மீட்டர் கையிலேயே வெடிக்கும். கரண்ட் அளக்க, ஒயரைக் கழற்றாமல் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள். வாங்கும்போது டி.சி. (பேட்டரி, பேனல் தரும் மின்சாரம்) ஆம்பியரும் அளக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். விலை குறைந்த பல கிளாம்ப் மீட்டர்கள் ஏ.சி. (வீட்டு மின்சாரம்) மட்டுமே அளக்கும். அதை வேனில் வைத்தால் எல்லா ஒயரிலும் பூஜ்யம்தான் காட்டும்.

பழுதே இல்லாத பழுது

மதியம் 12 மணி, சுள்ளென்று வெயில், கன்ட்ரோலரில் 0.4 ஆம்பியர். பதறிப்போய் மேலே ஏறி எல்லாவற்றையும் கழற்றுகிறோம். பல நேரம் பேட்டரி நிறைந்துவிட்டது, கன்ட்ரோலர் தானாகவே வரவைக் குறைத்துவிட்டது, அவ்வளவுதான். ஃபிரிட்ஜையும் ஃபேனையும் போட்டுப் பாருங்கள். ஆம்பியர் உடனே ஏறினால் எதையும் தொட வேண்டாம்.

பேனல் மேல் எழுதியிருக்கும் வாட், செல்லின் வெப்பம் 25 டிகிரி இருக்கும்போது கிடைக்கும் அளவு. நம் ஊர் சித்திரை வெயிலில் கூரையோடு ஒட்டிய பேனல் 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் வரை குறையும் என்பதால், 100 வாட்டில் 15 வாட் சூட்டிலேயே போய்விடுகிறது. தூசியும் ஒயர் இழப்பும் சேர்ந்தால் 70 வாட் வருவது நியாயமான கணக்கு. பேனலுக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது விட்டு மாட்டினால் காற்று போய் வந்து சூடு குறையும். சூடான பேனலில் உச்சி வேளையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கழுவாதீர்கள். கண்ணாடி விரிசல் விட வாய்ப்பு உண்டு. காலையில் கழுவலாம்.

நிழலைப் பலர் குறைவாக எடை போடுகிறார்கள். பேனலில் செல்கள் சங்கிலி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. கூரை வென்டின் நிழல் ஒரே ஒரு செல்லை முழுக்க மூடினாலும், கரண்ட்டுக்கு மாற்றுவழி கொடுக்கும் பைபாஸ் டயோடு அந்தச் செல் இருக்கும் வரிசையையே ஒதுக்கிவிடும். 36 செல் பேனலில் பெரும்பாலும் அது பாதி பேனல். வண்டியை மாமரத்தடியில் நிறுத்திவிட்டு ‘ஓரமாகத்தானே நிழல் விழுகிறது’ என்று நினைப்பது சரிவராது.

சில நேரம் கணக்கே இடிக்கும். 200 வாட் பேனல் நல்ல நாளில் இழப்பெல்லாம் போக 700 வாட் ஹவர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜுக்கு 500, ராத்திரி முழுக்க ஃபேனுக்கு 240. இன்வெர்ட்டரை ஆன் செய்தே வைத்திருந்தால், ஒன்றும் மாட்டாமலே மணிக்கு 15 வாட் ஹவர் வீதம் ஒரு நாளைக்கு 360. மொத்தம் 1,100. மூன்றாம் நாள் காலை பேட்டரி இறங்கிக் கிடப்பது பழுது இல்லை. இன்வெர்ட்டர் சுவிட்சை அணைத்து வைப்பதுதான் இதில் செலவில்லாத முதல் வைத்தியம்.

வீட்டுப் பேனலை வேனில் மாட்டுவது

நம் பக்கம் நிறைய நடக்கிறது. வீட்டுக்கு வாங்கிய 72 செல், 330 வாட் பேனல் ஒன்று மிஞ்சியிருக்கும். அதை 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு பி.டபிள்யூ.எம். (எளிய வகை) கன்ட்ரோலர் வழியாகக் கொடுப்பார்கள். அந்தக் கன்ட்ரோலர் பேனலை பேட்டரியின் வோல்ட்டேஜுக்கே இழுத்துவிடும். பேனல் தரக்கூடியது 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. அதை 13 வோல்ட்டால் பெருக்கினால் 115 வாட். மீதி இருநூறு வாட்டுக்கு மேல் வீண். பேனலில் குறை இல்லை, கன்ட்ரோலரிலும் குறை இல்லை, ஜோடிதான் தப்பு. இதற்கு, பேனலின் கூடுதல் வோல்ட்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வேண்டும்.

அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதே மாதிரி இரண்டு பேனலைத் தொடராக இணைத்தால், லோடு இல்லாதபோது ஒன்றுக்கு 46 வீதம் 92 வோல்ட். கன்ட்ரோலரின் வரம்பு 100 வோல்ட், சரியாக இருக்கிறதே என்று மாட்டிவிடுவோம். குளிரில் பேனலின் வோல்ட்டேஜ் ஏறும். மணாலியில் பூஜ்ய டிகிரி காலையில் முதல் வெயில் படும்போது அந்த 92, 98 வரை போகலாம். இன்னும் குளிர்ந்தால் 100-ஐத் தாண்டி கன்ட்ரோலர் எரிந்துவிடும். தமிழ்நாட்டில் இரண்டு வருடம் நன்றாக ஓடியது வடக்கே போன முதல் வாரம் செத்துப்போனால் காரணம் இங்கே இருக்கலாம்.

கழற்றும் வரிசை

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரியைப் பார்த்துத்தான் பல கன்ட்ரோலர்கள் இது 12 வோல்ட் அமைப்பா 24-ஆ என்று தீர்மானிக்கின்றன. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் தவறாகத் தீர்மானிக்கலாம், கெட்டும் போகலாம். பழுது பார்க்கும் அவசரத்தில் நல்ல கன்ட்ரோலரைக் கொல்வது பெரும்பாலும் இப்படித்தான்.

பேனல் ஒயர்களைச் சொருகும் எம்.சி.4 இணைப்பை வெயிலில், கரண்ட் ஓடும்போது இழுத்துப் பிடுங்காதீர்கள். ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும். டி.சி. அப்படித் தொடாது; பொறி நீண்டு முனையைக் கருக்கிவிடும். ஒரு கனமான போர்வையால் பேனலை மூடிவிட்டுக் கழற்றுங்கள். வீட்டு ஏ.சி. மின்சாரத்துக்கான பிரேக்கரை வேனின் டி.சி. பக்கம் போடக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஃபியூஸ் காப்பது கருவியை அல்ல, ஒயரை. ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் ஃபியூஸ் போட்டால் அந்த ஒயரே ஃபியூஸ் ஆகும், அதுவும் நாம் தூங்கும் பலகைக்கு அடியில். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்; ஒயரின் மறுமுனையில் போட்டால் நடுவில் ஷார்ட் ஆவதை அது பார்க்கவே பார்க்காது.

லித்தியத்துக்கு மாறியவர்கள்

பழைய லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வைத்தவர்கள் கன்ட்ரோலரில் பேட்டரி வகையை மாற்ற மறந்துவிடுகிறார்கள். செல்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே கூடுதல் வோல்ட்டேஜில் சார்ஜ் செய்யும் ஈக்குவலைஸ் என்ற அமைப்பு லெட் ஆசிட்டுக்கு மட்டுமே. லித்தியத்துக்கு அதை அணைக்க வேண்டும். அடுத்த குழப்பம் வோல்ட்டேஜ். லெட் ஆசிட்டில் சில மணி நேரம் ஓய்வுக்குப் பிறகு 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. லித்தியத்தில் நாளின் பெரும்பகுதி 13.2, 13.3 என்றே நிற்கும். அதை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. அதற்கு, உள்ளே போகும் வெளியே வரும் கரண்ட்டை ஷன்ட் என்ற அளவுத் துண்டு வழியாகக் கணக்கு வைக்கும் பேட்டரி மானிட்டர் வேண்டும்.

பேட்டரி முனையில் திடீரென்று பூஜ்ய வோல்ட் காட்டினால் பேட்டரி செத்துவிட்டது என்று பொருள் இல்லை. உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புச் சர்க்யூட் பேட்டரியைக் காப்பாற்ற வெளித்தொடர்பைத் துண்டித்திருக்கும். அளவுக்கு மேல் இறங்கியதாலும் இருக்கலாம், ஷார்ட்டாலும் இருக்கலாம். காரணத்தைச் சரிசெய்துவிட்டு, லித்தியத்துக்கான சார்ஜரைக் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். ஸ்பிடி, லடாக் குளிரில் காலையில் சார்ஜ் ஏறவில்லை என்றால் அதுவும் பழுது இல்லை. பூஜ்ய டிகிரிக்குக் கீழே இந்த வகை லித்தியத்தை சார்ஜ் செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும். அதைத் தடுக்கவே நல்ல பி.எம்.எஸ். மறுக்கிறது. பேட்டரியை வண்டிக்குள்ளே, மனிதர்கள் தூங்கும் பக்கம் வைத்தால் சமாளிக்கலாம்.

வண்டி ஓடும்போது மறையும் பழுது

எஞ்சினின் ஆல்டர்னேட்டரிலிருந்தும் வேனுக்குள் ஃபேன், விளக்கு ஓட்டும் பேட்டரிக்கு சார்ஜ் ஏற வைத்திருந்தால், சோலார் செத்து மாதங்கள் ஆகியும் தெரியாமல் போகும். தினமும் ஓட்டுவதால் பேட்டரி நிறைந்தே இருக்கும். ஒரே இடத்தில் மூன்று நாள் தங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். சோலாரைச் சோதிக்கும்போது ஆல்டர்னேட்டர் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சோதிக்க வேண்டும்.

நெகட்டிவ் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். எல்லோரும் சிவப்பு ஒயரையே தேடிக்கொண்டிருப்போம். சேஸிஸில் போல்ட் போட்ட எர்த் லக்குக்கு அடியில் பெயின்ட் சுரண்டாமல் இருந்தால், அல்லது மழைநீர் இறங்கித் துரு ஏறியிருந்தால், ஃபேன் வேகம் குறைவதும் விளக்கு மினுக்குவதும் அங்கிருந்துதான் வரும். லோடு ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் அந்தக் கருவியின் நெகட்டிவுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட் காட்டினால் அங்கேயே நிறுத்திச் சுரண்ட ஆரம்பிக்கலாம்.

இப்போது என் வேனில் ஒவ்வொரு டெர்மினல் நட்டையும் இறுக்கியபின், நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுகிறேன். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். போன முறை வால்பாறையிலிருந்து இறங்கி வந்து படுக்கைப் பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தபோது, பதினெட்டு கோடுகளில் இரண்டு உடைந்திருந்தன. இரண்டுமே இன்வெர்ட்டர் பக்கம்.