கூலி கேட்கக் கூச்சம், கூடி நிற்கத் தயக்கம்: சுயாதீனப் படைப்பாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டை வடிவமைப்பாளர், மொழிபெயர்ப்பாளர், மெய்ப்புத் திருத்துபவர், குரல் கலைஞர், வீடியோ எடிட்டர் என்று மாதச் சம்பளம் இல்லாமல் வேலைக்கு இவ்வளவு என்று பேசிப் பிழைப்பவர்கள் கூடினால், பேச்சு பெரும்பாலும் வராத பணத்தைப் பற்றியே இருக்கும். “பக்கத்துக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், உடனே தேநீர் ஆறிவிட்டது என்பார்கள். ஊதியத்தை ரகசியமாகக் காப்பதுதான் முதல் தவறு. வேலை கொடுப்பவருக்கு எல்லோருடைய விலையும் தெரியும். நமக்கு நம்முடையது மட்டும்தான் தெரியும். இந்த நிலையில் பேரம் யார் பக்கம் சாயும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்தது, “நமக்குள் எதற்கு ஒப்பந்தம்” என்ற பெருந்தன்மை. பதிப்புரிமைச் சட்டம், 1957, உரிமை கைமாறுவது கையொப்பமிட்ட எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது. அந்த எழுத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டு, நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். ஆகவே கூலி வாங்கிவிட்டதாலேயே உரிமை போய்விட்டது என்று ஒரு சுயாதீன மொழிபெயர்ப்பாளர் நினைக்க வேண்டியதில்லை. ஆனால் இதே சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒளிப்படக்காரரையும் ஓவியரையும் வேறு மாதிரி நடத்துகிறது. ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுத்த படமும் வரைந்த ஓவியமும், மாற்று உடன்பாடு இல்லாதபோது, பணம் கொடுத்தவருக்கே முதலில் சொந்தம். ஒப்பந்தம் இல்லாதது எழுதுபவரைக் காப்பாற்றலாம். படம் எடுப்பவரைக் கவிழ்த்துவிடும். ஒரே குழுவில் இருக்கும் இருவருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஒப்பந்தம் வந்தாலும் படிக்காமல் கையெழுத்திடுகிறோம். “உலகம் முழுவதும், என்றென்றும், இனி வரும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும்” என்ற வரி இப்போது சிறு வேலைக்கான தாளில்கூட ஏறிவிட்டது. ஒப்பந்தம் போடும்போது இல்லாத ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் அதற்குச் செல்லாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தால் கதை வேறு. குரல் கலைஞர்கள் அந்த ஒரு வரியையாவது தேடிப் பார்க்க வேண்டும்.

பணம் தாமதமாகும்போது நம்மில் பலர் செய்வது இரண்டுதான்: மௌனம், அல்லது முகநூலில் பெயர் போட்டுத் திட்டுவது. சட்டம் தரும் வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தனி ஆளாகச் சேவை தருபவரும் சிறு தொழில்களைப் பதிவதற்கான மத்திய அரசின் உதயம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. பதிந்தவருக்கு, 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பேசிய நாளில் பணம் தர வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் பேசாவிட்டால் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. தகராற்றை, இத்தகைய பாக்கி வழக்குகளைத் தீர்க்கும் மாநில வசதி மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். சிக்கல் வந்த பிறகு பதிவதால் பழைய பாக்கிக்குப் பயன் கிடைக்கும் என்று நம்ப முடியாது. முதல் வேலைக்கு முன்பே பதிந்துவிடுங்கள். இன்னொன்று: பணம் வரவில்லை என்று புலம்புகிறவரிடம் பில் எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். பாதிப் பேர் அப்போதுதான் அனுப்பப் போவார்கள்.

“நிரந்தர முதலாளி இல்லாத நமக்கு எதற்குச் சங்கம்?” இந்தக் கேள்வியைச் சென்னையில் இருந்துகொண்டு கேட்பது வேடிக்கை. பெப்சி எனப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் அணிதிரண்டிருக்கும் பல தொழில்நுட்பக் கலைஞர்களும் படத்துக்குப் படம் இடம் மாறுகிறவர்களே. 2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவுக்கு வரம்பு வைக்கும் விதிகளைப் பெற்றார்கள். அவர்களுக்கும் மாதச் சம்பளம் விதியல்ல, விலக்குதான். “நாங்கள் கலைஞர்கள், கூலிக்காரர்கள் அல்ல” என்ற மிதப்பு மட்டுமே நம்மைத் தடுக்கிறது என்பது என் எண்ணம்.

ஆனால் சங்கம் அமைத்தவர்கள் செய்யும் தவறு இன்னும் பெரியது: சேராதவரைத் தண்டிப்பது. இயக்குநர் வினயன் தொடுத்த வழக்கில், அவருடன் வேலை செய்யாதீர்கள் என்று நெருக்கிய மலையாளத் திரைச் சங்கங்களுக்கு, சந்தையில் நியாயமான போட்டியைக் காக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2017இல் அபராதம் விதித்தது. 2020இல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. தொழிற்சங்கம் என்ற பெயர் அங்கே கவசமாகவில்லை. இதில் ஒரு முரண் இருக்கிறது. பாக்கியை வசூலிக்க நீங்கள் ‘தொழில் நிறுவனம்’ என்று பதிகிறீர்கள்; நிறுவனங்கள் கூடி விலையைக் கட்டாயமாக்கினால் அது போட்டிச் சட்டத்தின் கண்ணில் படும். ஆகவே “இதற்குக் கீழே வாங்கினால் நீக்கம்” என்று தீர்மானம் போடாதீர்கள். உறுப்பினர்கள் உண்மையில் எவ்வளவு வாங்கினார்கள் என்பதைப் பெயர் இல்லாமல் திரட்டிப் பகிருங்கள். அதைத் தாண்டுவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவும் சங்கமல்ல. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, பதிவுக்கு 7 பேர் போதும் என்கிறது; தொழிற்சங்கப் பதிவுக்கும் 7 பேர் விண்ணப்பிக்கலாம், ஆனால் அங்கே உறுப்பினர் எண்ணிக்கைக்குத் தனி வரம்பு உண்டு. நுழைவுக் கட்டணத்தைப் பெரிதாக வைத்தால் நேற்று வேலைக்கு வந்த இளைஞர் வெளியிலேயே நிற்பார். மலிவான விலைக்கு முதலில் தள்ளப்படுபவரும் அவர்தான். முதல் கூட்டத்தில் தலைவர் நாற்காலிக்குப் போட்டி இருக்கும், இருக்கட்டும். ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் ஒழுங்காகத் தாக்கல் செய்யக்கூடிய ஒருவரை அன்றே பிடித்துப் பொருளாளராக உட்கார வையுங்கள். அந்த நாற்காலிக்கு யாரும் போட்டியிட மாட்டார்கள்.