உறவினர் தரும் பொதியைப் பிரித்துப் பாருங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டுக்குத் திரும்பும்போது உறவினர் தரும் பொதியை அவர்கள் கண் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. உடுப்பு, செருப்பு, சொக்லேற் எவ்வளவு கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த ஒன்றைச் சொல்வதற்காகவே முக்கியமாக இதை எழுதுகிறேன்.

எங்கள் சின்னம்மா, ரொறன்ரோவில் இருக்கும் தன் மகளுக்கு ஒரு பொதி தந்தார். உரப்பையை வெட்டி, சாக்கு ஊசியால் நாலு பக்கமும் நெருக்கமாகத் தைத்து, மேலே மகளின் பெயரை மையால் எழுதியிருந்தார். உள்ளே என்ன என்று கேட்டேன். "கறித்தூளும் புழுக்கொடியலும்தான் ராசா. தையலைப் பிரிக்காதே, தூள் கொட்டிவிடும்" என்றார். ஊரை விட்டுப் போனவன், ஊரிலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவரிடம் ஒரு பொதிக்குக் கணக்குக் கேட்பதா? மேலே பேச நா எழவில்லை. அப்படியே பெட்டிக்குள் வைத்தேன்.

கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கா விமான நிலைய வாசலிலேயே எல்லாப் பெட்டிகளும் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும். என்னுடையது மட்டும் வெளியே வரவில்லை. சற்று நேரத்தில் ஓர் அதிகாரி வந்து இது யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். பொதியைக் கண்டதும் கத்தரிக்கோல் எடுத்துவந்து தையலை வெட்டினார். வறுத்த தூளின் வாசம் அந்த இடம் முழுக்கப் பரவியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் தும்மினார்கள். தூள் பையை அவர் அமுக்கிப் பார்த்தபோது நடுவில் ஏதோ தட்டுப்பட்டது. பொலித்தீனால் பல சுற்றுச் சுற்றிய ஒரு பழைய கைத்தொலைபேசி, கூடவே ஒரு பவர் பாங்க். தொலைபேசியின் பின்மூடி ஒரு பக்கம் எழும்பி நின்றது. உள்ளே பற்றரி வீங்கியிருந்தது.

"நீங்களா அடுக்கினீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆம் என்றாலும் சிக்கல், இல்லை என்றாலும் சிக்கல். பெட்டியில் இருப்பது எதுவானாலும் சட்டத்தின் முன் அது உங்களுடையது. சின்னம்மாவினுடையது என்று நான் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

வெளியே வந்து சின்னம்மாவைத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அது சித்தப்பாவின் தொலைபேசி. அவர் கடைசி நாட்களில் மகளுக்கென்று பேசிப் பதிவு செய்தவை அதில் இருந்தன. "பறித்துவிடுவார்கள் என்றுதான் தூளுக்குள் வைத்தேன்" என்று அழுதார்.

கோபம் வந்தது. ஆனால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 1990களில் வடக்கின் மீது அரசாங்கம் போட்டிருந்த பொருளாதாரத் தடையில் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டார்கள். கொழும்பு போய்த் திரும்பியவர்கள் இரண்டு ரோச் பற்றரியை மாவுக்குள்ளும் தூளுக்குள்ளும் புதைத்துக்கொண்டு தாண்டிக்குளம் சோதனைச் சாவடியைக் கடந்தார்கள். சின்னம்மாவும் அப்படி வந்தவர். நான் அதற்கு முன்பே விமானம் ஏறியவன்.

இன்றைய விமான விதி இதற்கு நேர்மாறு. பற்றரியை ஒளிக்கவே கூடாது. பவர் பாங்கும் தனிப் பற்றரிகளும் கைப்பையில் மட்டும்தான் வரலாம். தொலைபேசி, மடிக்கணினி போன்றவையும் கையில் இருப்பதே நல்லது. கீழே அனுப்பத்தான் வேண்டுமென்றால் முற்றாக அணைத்து, அடிபடாதபடி பொதிய வேண்டும். வீங்கிய, உடைந்த பற்றரி கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. காரணம் எளிது. லித்தியம் பற்றரி உள்ளே சூடேறத் தொடங்கினால் அந்தச் சூடே அதை மேலும் சூடாக்கும். சரக்கு அறையில் பாயும் தீயணைப்பு வாயுவால் அதை முழுதாக அடக்க முடியாது. பயணிகள் இருக்கும் இடத்தில் புகைந்தால் பணியாளர்கள் கண்டு, தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கலாம்.

பொதியைத் திரும்ப ஊருக்குக் கொடுத்து அனுப்ப, என்னை இறக்கிவிட்டுப் போன வான்காரரை நீர்கொழும்பிலிருந்து திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. அவர் வந்து சேரும்வரை, பெட்டி ஏற்கும் நேரம் முடிந்துவிடுமோ என்று கடிகாரத்தையே பார்த்தபடி வாசலில் நின்றேன். அவர் மட்டும் வராவிட்டால் அந்தத் தொலைபேசி குப்பைத் தொட்டிக்குத்தான் போயிருக்கும். பின்னர் யாழ்ப்பாணத்தில் ஒரு திருத்தகக்காரர் பற்றரியைக் கழற்றி, வேறொன்று பொருத்தி, பதிவுகளையெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்தார். அவை வாட்ஸ்அப்பிலேயே மகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆகவே யாராவது பழைய தொலைபேசியைத் தந்தால், பயணத்துக்கு முன்பே கடைக்கு எடுத்துப்போங்கள்.

பவர் பாங்க் வாங்கும்போது அதன் மேல் எழுதியிருக்கும் வாட்-மணி (Wh) அளவைப் பாருங்கள். 100 வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அதற்கு மேல் கிடையாது. சந்தையில் அதிகம் விற்கும் 20,000 மில்லி அம்பியர்-மணி பவர் பாங்க் ஏறத்தாழ 74 வாட்-மணி. எழுத்து அழிந்துபோனதைக் கொண்டுபோகாதீர்கள், பறித்துவிடுவார்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் ஒரு விமானம் புறப்படும் முன்பே எரிந்த பிறகு பிடி இறுகிவிட்டது. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பாங்க் மூலம் மின்னேற்றுவதைத் தடுத்தது. எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் முதல் ஆளுக்கு ஒன்றுதான் என்றது. அதையும் பயன்படுத்தக் கூடாது, மேல் தட்டிலும் வைக்கக் கூடாது.

திரவத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. 100 மில்லிலீற்றர் என்பது போத்தலின் அளவு, உள்ளிருப்பதன் அளவல்ல. பெரிய போத்தலின் அடியில் கொஞ்சம் நல்லெண்ணெய் இருந்தாலும் கைப்பையில் விடமாட்டார்கள். ஊறுகாய், நெய், பாணி எல்லாம் அவர்களுக்குத் திரவம்தான். எடின்பரோ, பேர்மிங்ஹாம் போன்ற சில பிரித்தானிய விமான நிலையங்கள் இப்போது 2 லீற்றர் வரை விடுகின்றன. அதை நம்பி இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் கொண்டுவராதீர்கள், இங்கே பழைய விதிதான். தூளைப் பெட்டியில் போடுங்கள். இந்திய விமான நிலையங்களில் மிளகாய்த்தூளைக் கைப்பையில் விடுவதில்லை. கொப்பரை எங்கேயும் வேண்டாம். அதன் எண்ணெயால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்று விமானச் சரக்கு விதிகள் அதை ஆபத்தான பொருளாக வைத்திருக்கின்றன.

அஸ்தி கொண்டுபோகிறவர்கள் உலோகச் செம்பில் வைக்காதீர்கள். எக்ஸ்ரே ஊடுருவாது, உள்ளே இருப்பது தெரியாவிட்டால் விடமாட்டார்கள். மரப்பெட்டி அல்லது பிளாஸ்டிக் பெட்டி நல்லது. அதைக் கையிலேயே வைத்திருங்கள். மரணச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கூடவே இருக்கட்டும். அம்மாவின் அஸ்தியை அப்படித்தான் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் கரைக்கக் கொண்டுபோனேன். மடியிலேயே வைத்திருந்தேன். யாரும் தொந்தரவு செய்யவில்லை. செம்பை ஊருக்குப் போன பிறகே சுன்னாகத்தில் வாங்கினேன்.

இறங்கும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். கனடாவில் உணவு எதுவானாலும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் தண்டம் 1,300 டொலர் வரை போகும். பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் கருவாடு 20 கிலோ வரை கொண்டுபோகலாம், ஆனால் இறைச்சியும் நெய்யும் கூடாது. அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை தடை. எலுமிச்சை இனங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும். அவுஸ்திரேலியா எல்லாவற்றையும்விடக் கண்டிப்பு, சந்தேகமான எதையும் அறிவித்துவிடுங்கள். தமிழ்நாட்டுக்கும் போய் வருகிறவர்கள் கசகசாவைத் துபாய் வழியாகக் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறக்கும் விமானங்கள் சிறிய ஏ.டி.ஆர். வகை. மேல் தட்டில் பெரிய கைப்பெட்டி நுழையாது. அந்தப் பயணச்சீட்டைத் தனியாக வாங்கியிருந்தால், கனடாவில் ஏற்றுக்கொண்ட எடை அங்கே செல்லாது. மேலதிக கிலோவுக்குச் சென்னையில் காசு கட்ட வேண்டும். எடையை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், வாசலில் கேட்பதைவிட மலிவாக இருக்கும்.