மும்பை ஃபிளாட்டில் ஏலியன் ஃபிகர்: வாங்குவது முதல் விளக்கு போடுவது வரை

ஹாலிவுட் 'ஏலியன்' படங்களில் வரும் வேற்றுக்கிரகப் பிராணியின் பொம்மைகளை, அதாவது ஏலியன் ஃபிகர்களைச் சேர்க்க ஆசை வந்தால் கடைப் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு டேப் எடுத்து வீட்டுச் சுவரை அளந்துவிடுங்கள். செம்பூரிலோ முலுண்டிலோ ஒரு பெட்ரூம் ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் வேலை, ஏனென்றால் இந்தப் பிராணி பெட்டியில் இருக்கும்போது சின்னதாகத்தான் தெரியும், வெளியே எடுத்து வாலை விரித்த பிறகுதான் அது கேட்கிற இடம் புரியும். நீகா (NECA) என்ற பொம்மைக் கம்பெனியின் வரிசையை 7 அங்குல வரிசை என்பார்கள். அது மனிதக் கதாபாத்திரத்தின் உயரக் கணக்கு, அதே வரிசையில் ஏலியன் சுமார் 9 அங்குலம் நிற்கும். ராணி ஏலியன் 15 அங்குல உயரம், வாலோடு சேர்த்தால் நீளம் 30 அங்குலத்தைத் தொடும். புத்தக ஷெல்ஃபின் ஆழம் பொதுவாக ஓர் அடிகூட இருக்காது, அதில் ராணியை வைத்தால் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், போகிற வருகிறவர்களின் தோள் இடித்து ஒருநாள் கீழே வரும்.

இடம் ரொம்பக் குறைவு என்றால் 3¾ அங்குல ஃபிகர்களுக்குப் போங்கள். ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழுக் கூட்டமே அடங்கிவிடும். ஆனால் இரண்டு அளவையும் ஒரே தட்டில் கலக்க வேண்டாம், கண்ணை உறுத்தும்.

அடுத்தது, எந்த ஏலியன்? எல்லாம் கறுப்பாக ஒரே மாதிரி இருப்பதாகத் தோன்றும், பழகினால் தூரத்திலிருந்தே பிரித்துவிடலாம். 1979-இல் வந்த முதல் படத்து ஏலியனுக்குத் தலைமேல் வழவழப்பான மூடி, அதற்குள்ளே மண்டையோடு மங்கலாகத் தெரியும். ஹெச்.ஆர்.கீகர் என்ற சுவிஸ் ஓவியர் வரைந்த உருவம் அது. 1986 படத்தில் வருகிற போர்வீரர் ஏலியன்களுக்கு அந்த மூடி இல்லை, தலை முழுக்க வரி வரியாக இருக்கும். 1992 படத்தில் வருவது நாலு கால் பாய்ச்சல் பிராணி. அதே வருடம் கென்னர் என்ற பொம்மைக் கம்பெனி குழந்தைகளுக்காகக் கொரில்லா, தேள், காளை என்று மிருகச் சாயலில் ஏலியன்களை விட்டது, பிற்பாடு நீகா அவற்றில் சிலவற்றை 7 அங்குல அளவில் திரும்பச் செய்தது. என் கருத்து, ஒரு படத்தையோ ஒரு வரிசையையோ மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஒரு வருடத்தில் பாதிப் பெட்டிகள் பரணில்தான் கிடக்கும்.

1979-இல் கென்னர் விட்ட 18 அங்குல ஏலியன் மேல் யாருக்கும் ஒரு கண் இருக்கும், எனக்கும் உண்டு. யாராவது அதை விற்க வந்தால் முதலில் தலைமேல் இருக்கும் கண்ணாடி போன்ற மூடியைப் பாருங்கள், பெரும்பாலும் தொலைந்திருக்கும் அல்லது விரிசல் விட்டிருக்கும். அப்புறம் வாய்க்குள் இருக்கும் இரண்டாவது சின்னத் தாடை வெளியே வந்து திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

மும்பையில் வாங்குவது தனிக் கலை. கிராஃபர்ட் மார்க்கெட் பக்கம் பெட்டியில்லாமல் பாலித்தீன் கவரில் மலிவாக வருவது அனேகமாக நகல்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைத்தால் வரியை முதலில் கணக்குப் போடுங்கள். 2020-இல் பொம்மைகளுக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏறியது, 2023-இல் 70 ஆனது, 2021 ஜனவரியிலிருந்து பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தரச்சான்றும் கட்டாயமாகிவிட்டது, அதனால் பார்சல் நடுவில் நிற்கலாம். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் 'ஒரிஜினல், பெட்டி மட்டும் இல்லை' என்ற வார்த்தையை நம்பி நான் பணம் அனுப்பினேன். வந்ததைத் திருப்பிப் பார்த்தால் பாதத்திலும் இல்லை, முதுகிலும் இல்லை, கம்பெனியின் காப்புரிமை எழுத்து எங்குமே பொறிக்கப்படவில்லை, பல்லில் அடித்த வெள்ளி பெயின்ட் ஈறுவரை வழிந்திருந்தது. அன்றிலிருந்து பாதம், முதுகு, பல் மூன்றுக்கும் கிட்டத்தில் எடுத்த படம் கேட்காமல் பணம் அனுப்புவதில்லை. நல்ல விற்பனையாளர் முகம் சுளிக்காமல் அனுப்பிவிடுவார்.

பெட்டியைப் பிரித்ததும் கையை காலை மடக்கிப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து பொறுங்கள். புதுப் பொம்மையில் ஜாயின்ட்டுக்குள் பெயின்ட் ஒட்டி இறுகியிருக்கும். என் முதல் ஏலியனின் முழங்கையை நான் அழுத்தித் திருப்பியபோது டக்கென்று ஒரு சத்தம், உள்ளே இருந்த மெல்லிய முளை உடைந்து கை தனியாக வந்துவிட்டது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு பாத்திரத்தில் வெந்நீர், கொதிக்கிற நீர் வேண்டாம், விரல் ஒரு நொடி தாங்குகிற சூடு போதும். ஜாயின்ட்டை அதில் அரை நிமிடம் முக்குங்கள், பிளாஸ்டிக் இளகும். மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் ஒட்டியிருந்த பெயின்ட் விடுவதைக் கையிலேயே உணரலாம். பெட்டியில் வளைந்துபோன வால் நுனி, விரல் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம், நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் விட்டால் அப்படியே நிற்கும்.

இனி அடுக்குவது. நான் முதலில் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில், முகம் நேராக, வகுப்புப் போட்டோ மாதிரி நிறுத்தியிருந்தேன். மாட்டுங்காவிலிருந்து வந்த பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏண்டா, எல்லாம் கறுப்பா இருக்கே, பின்னாடி சுவரும் இருட்டு, முகமே தெரியலையே. படி கட்டி வெச்சு, பின்னாலேர்ந்து ஒரு விளக்கைப் போடேன்" என்றார். நாற்பது வருடம் கொலு வைத்த கை. அவர் சொன்னபடியே செய்தேன். பழைய ஷூ டப்பாக்களைக் கறுப்புத் துணியால் மூடி மூன்று படி கட்டினேன், எல்.இ.டி. பட்டையை அலமாரியின் பின்பக்க மூலையில், பல்பு கண்ணுக்குத் தெரியாதபடி மேலிருந்து கீழாக ஒட்டினேன். தலையின் வளைவு, முதுகுக் குழாய்கள், வால் எலும்பு எல்லாம் கோடு கோடாக எழுந்து வந்தன. அன்றைக்குத்தான் அவற்றை நான் சரியாகப் பார்த்தேன் என்றே சொல்வேன். மஞ்சள் வெளிச்சத்தைவிட வெள்ளை அல்லது லேசான நீலம் இந்தப் பிராணிக்குப் பொருந்தும். ஏலியனை நேராக நிறுத்தாமல் பக்கவாட்டில் திருப்புங்கள், அந்த நீளத் தலைதான் அதன் அழகு, நேரே பார்த்தால் அது மறைந்துவிடும். கணுக்கால் மெல்லியது, தலையோ கனம், அதனால் ஸ்டாண்ட் கட்டாயம், வாலைத் தரையில் ஊன்றி மூன்றாவது கால் மாதிரி பயன்படுத்தினால் இன்னும் உறுதி. மே மாத வெக்கையில் கணுக்கால் இளகிச் சாயத் தொடங்கும், வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் நேராக விழுகிற ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம், நிறம் போகும், தெளிவான மூடி மஞ்சளாகும்.

ஜூன் பிறந்துவிட்டால் கதை வேறு. இங்கே நாலு மாதம் துவைத்த துணியே காயாது, அட்டைப் பெட்டி பூசணம் பிடிக்கும். காலிப் பெட்டிகளைத் தட்டையாக மடித்து மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், நிறம் மாறுகிற வகை என்றால் மாறியதும் புதிது வையுங்கள். ஃபிகரை மட்டும் அப்படி மூடி வைக்காதீர்கள். மென்மையான பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே கசியும், காற்றில்லாத இடத்தில் அது மேலேயே தங்கிப் பிசுபிசுக்கும். ஒட்டுகிறதா? வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய மிருதுவான டூத் பிரஷ், கழுவி ஃபேன் காற்றில் ஒருநாள் காயவிடுங்கள். ஜாயின்ட் இடுக்கில் தண்ணீர் நிற்கும், தலைகீழாகப் பிடித்து உதறிவிட்டு வையுங்கள். அலமாரிக் கதவையும் வாரத்தில் ஒருநாள், மழை விட்ட நேரம் பார்த்து, ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள்.

தூசிக்குத் துணி வேண்டாம், முதுகுக் குழாயில் நூல் மாட்டி இழுத்தால் உடையும். முகத்துக்குப் பவுடர் போடுகிற அகலமான பிரஷ் ஒன்று போதும், தலையிலிருந்து வால் நுனிவரை ஒரே திசையில்.