கழிச்சல் வைரஸைக் கழிச்சலில் தேடாதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதுகலை ஆய்வேட்டின் வரைவு என் மேசைக்கு வந்தது. மாடுகளைத் தாக்கும் வைரஸ் கழிச்சல் நோய் பற்றியது. மாணவர் நல்ல உழைப்பாளி. ஏழு பண்ணைகளுக்கு அலைந்து, கழிந்துகொண்டிருந்த மாடுகளாகப் பார்த்துப் பொறுக்கி, சாணம் எடுத்து, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்திருந்தார். ஒன்றிலும் வைரஸ் இல்லை. "இப்பகுதியில் இந்நோய் இல்லை" என்பது அவர் முடிவு. ஆனால் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை கிடந்தது: அதே பண்ணைகளில் கூடவே எடுத்த ரத்த மாதிரிகளில் பாதிக்கு மேல் அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள், அதாவது தொற்றை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம், இருந்தது. தடுப்பூசி போட்ட மாடு ஒன்றுகூட இல்லை. இல்லாத வைரஸுக்கு எதிர்ப்பொருள் எங்கிருந்து வந்தது?

மாணவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நோயின் பெயரே ஆளைத் திசை திருப்புகிறது. 1946இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓலாஃப்சனும் உடன் பணியாற்றியவர்களும் இதை முதலில் விவரித்தபோது, காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், அதன்பின் கன்று வீசுதல் என்று பார்த்தார்கள். கண்ணில் பளிச்சென்று பட்டது கழிச்சல்; பெயரும் அதிலேயே ஒட்டிக்கொண்டது. உண்மையில் இந்த வைரஸ் தொற்றும் மாடுகளில் பெரும்பாலானவை நோய்க்குறி எதையும் காட்டுவதில்லை. ஓரிரு நாள் தீவனம் குறையும், பால் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். கழியும் மாட்டில் குடற்புழுவோ, ரத்தக்கழிச்சலோ, தீவனக் கோளாறோ இருக்க வாய்ப்பு அதிகம். இந்த வைரஸின் உண்மையான வேலை நடப்பது குடலில் அல்ல, கருப்பையில்.

சினைக்கு ஏறத்தாழ 40ஆம் நாளிலிருந்து 120ஆம் நாள் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. கருவின் நோய் எதிர்ப்பு அமைப்பு அப்போதுதான் தன்னுடையது எது, அந்நியம் எது என்று பாடம் படித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் தாய்க்குத் தொற்று வந்து, செல்லைக் கொல்லாத வகை வைரஸ் கருவுக்குள் போனால், கரு அதையும் தன் உடம்பில் ஒன்று என்றே எழுதிக்கொள்கிறது. பிழைத்துப் பிறக்கும் கன்று சாகும்வரை வைரஸைச் சுமக்கும். மூக்குநீர், எச்சில், சாணம், சிறுநீர், பால், விந்து எல்லாவற்றிலும் ஓயாமல் கொட்டும். இதை நிரந்தரத் தொற்றுக் கன்று என்போம். வெளியிலிருந்து பார்த்தால் சில கன்றுகள் நோஞ்சானாக இருக்கும்; சிலவோ கொழுகொழுவென்று, கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம் போல இருக்கும். மந்தையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு இப்படி இருந்தாலே போதும், வைரஸ் ஊர் விட்டு ஊர் போய்க்கொண்டே இருக்கும்.

தேட வேண்டிய விலங்கைத் தவறாகத் தேர்ந்தெடுக்கும் பிழை முதுகலை மாணவர்களுக்கு மட்டும் சொந்தமல்ல, துறைக்கே இருந்தது. 1953இல் அயோவாவில் ராம்ஸியும் சிவர்ஸும் சளிச்சவ்வு நோய் என்று வேறொன்றை விவரித்தார்கள். அதில் சில மாடுகளுக்கே வரும், வந்தவை அநேகமாகச் செத்துவிடும். முன்னதில் பல மாடுகளுக்கு வரும், சாவு குறைவு. இரண்டும் வெவ்வேறு நோய் என்றே எண்ணினார்கள். வைரஸ் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகும், அதை எடுத்து ஆரோக்கியமான கன்றுகளுக்குச் செலுத்தினால் லேசான காய்ச்சல்தான் வந்தது. கொல்லும் நோயை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கவே முடியவில்லை. 1980களின் நடுவில்தான் இங்கிலாந்தில் பிரௌன்லி குழுவும் அமெரிக்காவில் போலின் குழுவும் முடிச்சை அவிழ்த்தன. ஏற்கெனவே நிரந்தரத் தொற்றுள்ள மாட்டின் மேல், அதே சாயலுள்ள, செல்லைக் கொல்லும் வகை வைரஸ் வந்து சேர வேண்டும். பல நேரம் அது வெளியிலிருந்துகூட வருவதில்லை. உள்ளே இருக்கும் வைரஸே மரபுப்பொருள் மாறி அப்படி ஆகிவிடுகிறது. ஆரோக்கியமான கன்றுகளிலேயே சோதித்துக்கொண்டிருந்ததால் முப்பது ஆண்டுகள் போயின.

எதிர்ப்பொருள் சோதனையைத் தலைகீழாகப் படிப்பது அடுத்த பிழை. நிற மாற்றத்தை வைத்து எதிர்ப்பொருளையோ வைரஸ் புரதத்தையோ கண்டறியும் சோதனை எலிசா. அதன் தட்டில் ஒரு குழி நிறம் மாறினால் "நோயுள்ள மாடு" என்று குறித்துவிடுகிறார்கள். தடுப்பூசி போடாததென்றால், அந்த மாடு எப்போதோ தொற்று வந்து தேறிய மாடு. அதனால் பொதுவாக யாருக்கும் ஆபத்தில்லை, ஒரு முக்கிய விதிவிலக்கைத் தவிர. பத்தில் எட்டு மாடுகளுக்கு எதிர்ப்பொருள் உள்ள மந்தையில், வயது வந்தும் எதிர்ப்பொருளே இல்லாமல் நிற்கும் அந்த ஒன்றிரண்டு மாடுகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வைரஸைத் தன்னுடையது என்று எண்ணும் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் செய்யாது. ஆய்வேடுகளில் "எதிர்ப்பொருள் இல்லை, எனவே பாதிப்பில்லை" என்று தள்ளிவிடும் வரிசையில்தான் குற்றவாளி ஒளிந்திருக்கும்.

விதிவிலக்கு என்றேனே, அது சினைமாடு. தாய் தொற்றிலிருந்து தேறியிருக்கும். ரத்தத்தில் வைரஸ் இராது, எதிர்ப்பொருள் மட்டும் மிக உயர்வாக இருக்கும். வயிற்றிலோ நிரந்தரத் தொற்றுக் கன்று. ஆங்கிலத்தில் இதற்கு டிராய் நகரத்து மரக்குதிரையின் பெயரை வைத்திருக்கிறார்கள். சினைமாட்டை வாங்கிக்கொண்டு வந்து, சோதித்து, சுத்தம் என்று சான்றும் வாங்கிவிட்டால் கதை முடிந்ததாக நினைக்கக் கூடாது. கன்று தரையில் விழுந்த பிறகு அதையும் சோதிக்க வேண்டும்.

ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்து, பி.சி.ஆரில் வைரஸ் தெரிந்ததும் "நிரந்தரத் தொற்று" என்று எழுதுவதும் அடிக்கடி பார்க்கும் தவறு. சாதாரணத் தொற்றிலும் ஒன்றிரண்டு வாரம் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். மூன்று, நான்கு வாரம் கழித்து அதே மாட்டை மறுபடி சோதித்து, அப்போதும் வைரஸ் இருந்தால்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம். மறுமாதிரி எடுக்கப் பணமில்லை, மாடு விற்றுப்போய்விட்டது என்றால் "வைரஸ் கண்டறியப்பட்டது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கன்றுகளில் சீம்பால் ஒரு தனித் தொல்லை. தாயின் எதிர்ப்பொருள் சீம்பால் வழியாகக் கன்றின் ரத்தத்துக்கு வந்து, அங்குள்ள வைரஸை மறைத்துவிடும். ரத்தத்தில் வைரஸ் புரதத்தைத் தேடும் எலிசா முதல் மூன்று மாதத்தில் "இல்லை" என்று பொய் சொல்லக்கூடும். அதனால்தான் பலரும் காதுமடல் துணுக்குக்கு மாறினார்கள். தோலில் வைரஸ் மண்டிக் கிடக்கும், சீம்பாலின் குறுக்கீடும் அங்கே குறைவு. அயர்லாந்து 2013இல் பிறக்கும் கன்று ஒவ்வொன்றுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. அடையாளத் தோடு குத்தும்போதே துணுக்கு குப்பிக்குள் விழுந்துவிடும். அந்த ஆண்டு பிறந்த கன்றுகளில் 0.66 சதவீதம் வைரஸோடு இருந்தன. பிறகு ஆண்டுக்காண்டு குறைந்தது. அங்கேயும் "கன்று நன்றாகத்தானே இருக்கிறது" என்று சிலர் நிரந்தரத் தொற்றுக் கன்றுகளை வைத்துக்கொண்டதால் திட்டம் இழுத்தது. பண்ணையாளர் மனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

காதுத் துணுக்கு எளிது என்பதாலேயே அதில் அலட்சியமும் அதிகம். துளையிடும் இடுக்கியை ஒரு கன்றுக்குப் பின் கழுவாமல் அடுத்த கன்றுக்கு வைத்தால், முந்தைய காதின் ரத்தம் அடுத்த குப்பிக்குள் போகிறது. பி.சி.ஆர். அந்தத் துளியையும் விடாது. பத்து கன்றுகளில் அடுத்தடுத்த எண்ணுள்ள மூன்று கன்றுகளுக்கு மட்டும் வைரஸ் என்று முடிவு வந்தால், கன்றுகளைச் சந்தேகப்படுவதற்கு முன் இடுக்கியைச் சந்தேகப்படுங்கள். இன்னொன்று ஃபார்மலின். திசுவைக் கெடாமல் வைக்க வேண்டும் என்ற பழக்கத்தில் துணுக்கை அதில் போட்டுவிடுகிறார்கள். நுண்ணோக்கியின் கீழ் சாயமேற்றிப் பார்ப்பதற்கு அது சரி, எலிசாவுக்கும் பி.சி.ஆருக்கும் அந்தத் துணுக்கு கெட்டது கெட்டதுதான். எந்தச் சோதனை என்று முடிவு செய்துவிட்டுத்தான் குப்பியைத் திறக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்துக்குள் நடக்கும் தவறு இன்னும் பெரியது. பலருக்கு அது தவறென்றே தெரியாது. செல்களை வளர்க்க மாட்டுக் கருவின் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர், ஊற்றுகிறோம். அது இறைச்சிக்கூடங்களில் சினைமாடுகளின் கருக்களிலிருந்து எடுத்து, பல கருக்களின் ரத்தத்தை ஒன்றாகக் கலந்து தயாரிப்பது. அதில் ஒரு கருவுக்கு நிரந்தரத் தொற்று இருந்தால் மொத்தத் தொகுதியும் போயிற்று. செல்லைக் கொல்லாத வகை வைரஸ் செல்களுக்குள் சத்தமில்லாமல் பெருகும். நுண்ணோக்கியில் செல்கள் அழகாகவே தெரியும். அதே செல்களில் பண்ணை மாதிரியை ஊற்றி "வைரஸைப் பிரித்தெடுத்தோம்" என்று கட்டுரை எழுதினால், பிரித்தெடுத்தது பண்ணையின் வைரஸா, பாட்டிலின் வைரஸா? எதிர்த்திசையிலும் நடக்கும்: சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் மாதிரியில் உள்ள வைரஸை அது முடக்கிவிடும். ஒவ்வொரு சீரத் தொகுதியையும், மாதிரி ஊற்றாத வெற்றுச் செல்களையும் சோதித்த விவரம் இல்லாத கட்டுரையை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன். 1999இல் நெதர்லாந்தில் வேறொரு மாட்டு நோய்க்கான தடுப்பூசியில் இந்த வைரஸின் முதல், இரண்டாம் என்ற இரு மரபு வகைகளில் இரண்டாவது கலந்திருந்து, போட்ட மந்தைகளில் மாடுகள் நோயுற்றன. 2004இல் பிரேசிலிலிருந்து வந்த கருச் சீரத்தில்தான் ஹோபி என்ற புதிய உறவுக்கார வைரஸே ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது.

ஹோபியைப் பற்றி இந்தியாவில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்திய மாடுகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். முதல், இரண்டாம் மரபு வகைகளை மட்டும் மனத்தில் வைத்துச் செய்த பி.சி.ஆர். பிரைமர்களும் (வைரஸின் மரபுப்பொருளில் போய் ஒட்டும் சிறு துண்டுகள்) எலிசா சோதனைப் பெட்டிகளும் இதைத் தவறவிடலாம். வெளிநாட்டுப் பெட்டியை வாங்கி, அதன் கையேட்டில் உள்ள துல்லியச் சதவீதத்தை அப்படியே நம் மாடுகளுக்கும் எழுதிவிடாதீர்கள்.

மாதிரிக் கணக்கிலும் ஐரோப்பிய அச்சு நமக்குப் பொருந்தாது. அங்கே மந்தை என்றால் வேலிக்குள் நூறு மாடு. இங்கே வீட்டுக்கு இரண்டு மாடு, மேய்ச்சல் பொது, சந்தை பொது. வைரஸின் பார்வையில் ஊரே ஒரு மந்தை. வீட்டை அலகாக வைத்துச் செய்யும் புள்ளியியல் கணக்கு பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டு மாடும் இந்த வீட்டு மாடும் ஒரே தண்ணீர்த்தொட்டியில் குடிப்பதை அது அறியாது.

காளையின் ரத்தத்தை மட்டும் பார்த்து உறைவிந்துக்குச் சான்று தருவதும் போதாது. ரத்தத்தில் வைரஸ் இல்லாமல், எதிர்ப்பொருள் மிக உயர்ந்து, விரைக்குள் மட்டும் வைரஸ் தங்கிய காளை ஒன்றை நியூசிலாந்தில் கண்டு 1998இல் எழுதினார்கள். அரிது. ஆனால் ஒரு காளையின் விந்து எத்தனை ஆயிரம் சினை ஊசிகளாகப் பிரிகிறது என்று எண்ணினால், விந்தையும் ஒருமுறை சோதிப்பது பெரிய செலவில்லை.

தடுப்பூசி ஆய்வுகளில் அளவுகோலே பிசகுகிறது. கன்றுகளுக்கு ஊசி போட்டு, பிறகு வைரஸ் செலுத்தி, காய்ச்சல் வரவில்லை என்றால் வெற்றி என்கிறார்கள். நாம் காப்பாற்ற வேண்டியது கன்றைக் காய்ச்சலிலிருந்தா, கருவை வைரஸிலிருந்தா? முன்னே சொன்ன அந்த ஜன்னல் நாட்களில் சினைக் கிடேரிகளுக்கு வைரஸ் செலுத்தி, பிறக்கும் கன்றுகளைச் சீம்பாலுக்கு முன் சோதித்த ஆய்வுதான் பேசும். செலவு அதிகம் என்பதால் பலரும் அந்தப் பக்கம் போவதில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு கசப்பான பாடம் உண்டு. 2007 முதல் ஐரோப்பாவில் பிறந்து சில வாரமே ஆன கன்றுகள் தோலிலிருந்து ரத்தம் கசிந்து சாகத் தொடங்கின, ஆயிரக்கணக்கில். வியர்வை போல ரத்தம் என்று பண்ணையாளர்கள் சொன்னார்கள். காரணத்தைத் துருவியபோது தாய்களுக்குப் போட்ட ஒரு வைரஸ் கழிச்சல் தடுப்பூசியில் போய் நின்றது. அதன் வைரஸை மாட்டுச் செல்களிலேயே வளர்த்திருந்தார்கள். செல்லின் துகள்களும் ஊசியில் இருந்தன, எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளும் வீரியமானது. தாயின் உடம்பு வைரஸுக்கு மட்டுமல்ல, அந்த அந்நிய மாட்டின் செல்லுக்கும் எதிர்ப்பொருள் செய்து, அதைச் சீம்பாலில் கன்றுக்கு ஊட்டியது. 2010இல் அந்த ஊசியைத் திரும்பப் பெற்றார்கள்.

மாணவரின் கதைக்கு வருகிறேன். பின்னிணைப்பு அட்டவணையை இருவரும் சேர்ந்து மறுபடி படித்தோம். நான்காம் பண்ணையில் பதினான்கு மாதக் கிடேரி ஒன்று: கூடவே நின்ற பதினொரு மாடுகளுக்கும் எதிர்ப்பொருள் இருக்க, இதற்கு மட்டும் இல்லை. குறிப்புப் பத்தியில் "வளர்ச்சி சற்றுக் குறைவு, கழிச்சல் இல்லை" என்று அவர் கையெழுத்தில் இருந்தது. கழிச்சல் இல்லாததால் அதனிடம் சாணம் எடுக்கவில்லை. ரத்தத்தில் மீதி இருக்கிறதா என்று கேட்டேன். எலிசாவுக்கே தீர்ந்துவிட்டது என்றார். மறுநாள் காதுத் துணுக்கு எடுக்கப் பண்ணைக்குப் போனார். கிடேரியை இரண்டு வாரத்துக்கு முன் சந்தையில் விற்றிருந்தார்கள். சினை பிடித்திருந்ததாம், நல்ல விலை கிடைத்ததாம்.